முன் சீட்டு

அக்டோபர் 3, வியாழன்

காலையில் வண்டி கிளம்பவில்லை. குளிர் இறங்கிவிட்டால் எங்கள் ஜீப் இப்படித்தான். அம்மா இரண்டு குடம் வெந்நீர் கொண்டுவந்து எஞ்சின்மேல் ஊற்றினாள். புகைபோல ஆவி வந்ததே தவிர சத்தம் வரவில்லை. கடைசியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள்.

"ஏன் கொழுந்தனாரே, நாங்க காசு குடுத்து ஏறுறோமா, காசு குடுத்துத் தள்ளுறோமா?" என்று செல்லாண்டிப் பெரியம்மா கேட்டார்.

"தள்ளுற ஆளுக்கு இன்னைக்கு முன் சீட்டு மதினி" என்றார் அப்பா.

"அதத்தான் உன் மகராணிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் பெருமையாகவும் இருந்தது. முன் சீட்டில் அப்பாவுக்கு இடது பக்கம் நான்தான் உட்காருவேன். அம்மா அதில் கண்டிப்பாக இருக்கிறாள். என் கால் வைக்கும் இடத்தில் தகரம் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் வழியே ரோடு ஓடுவது தெரியும். மழை நாளில் சேறு தெறிக்காமலிருக்கப் பழைய அட்லஸை அதன்மேல் வைத்திருக்கிறேன். உலகத்தின்மேல் கால் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

எங்கள் ஊர் கானல்மேட்டுக்கு பஸ் கிடையாது. அடிவாரத்துக்குப் போக இருப்பது கல்லும் பள்ளமுமான மலைப்பாதை. அதில் ஏறி இறங்குவது எங்கள் ஜீப் ஒன்றுதான். காலையில் வாழைத்தார், சௌசௌ மூட்டை, பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். மாலையில் அரிசி, மண்ணெண்ணெய், மறுபடியும் நாங்கள். மேல் எஸ்டேட்டில் ஏலம் விட்டபோது அப்பா இதை வாங்கினாராம். அப்போது நான் பிறக்கவில்லை. அப்போதே அது பழைய வண்டி.

அக்டோபர் 8, செவ்வாய்

ரோடு வரப்போகிறது. டேப் பிடித்து அளக்க ஆட்கள் வந்திருந்தார்கள். தார் போட்டதும் மினி பஸ் விடுவார்களாம். ஊரே சந்தோஷமாக இருக்கிறது. செல்லாண்டிப் பெரியம்மா அளக்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நான் சாகுறதுக்குள்ள போட்டுருவீங்களாப்பா?" என்று கேட்டார்.

அப்பா மட்டும் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது நான் கேட்டேன்.

"ரோடு வந்தா நல்லதுதானப்பா? ஸ்பிரிங் பட்டை அடிக்கடி ஒடியாது."

"இந்த ரோட்டுல எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும் பாப்பா. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றார்.

உண்மைதான். பனிமூட்டத்தில் முன்சக்கரம்கூடத் தெரியாத நாட்களில் அப்பா வண்டியை மெதுவாக்கிக் காது கொடுத்துக் கேட்பார். ஓடைச் சத்தம் வலது காதுக்கு வந்ததும் திருப்புவார். எங்கே எந்தக் கியர் போட வேண்டும், எங்கே நான்கு சக்கரமும் இழுக்க ஃபோர் வீல் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் உடம்புக்கே தெரியும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையிலிருந்தே நானும் அப்பாவும் ஜீப்பைக் கழுவினோம். சேறு போனதும் அதன் பச்சை நிறம் அழகாக இருந்தது. அம்மா செவ்வந்தி மாலை கட்டிக் கொடுத்தாள். அப்பா இரண்டு விளக்குகளுக்கும் சந்தனம் வைத்தார். ஒரு பொட்டு விளக்கில் விழவில்லை, பக்கத்துத் தகரத்தில் விழுந்துவிட்டது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுச் சரியான இடத்தில் வைத்தாள்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பிறகு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு யானைப்பாறை வரைக்கும் ஒரு சுற்று. மழைக்குப் பின் வெயில் வந்திருந்தது. எட்டத்தில் காட்டுமாடு ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. நான் காட்டியபோது அப்பா, "ஆமா ஆமா, பெருசு" என்றார். அவர் பார்த்தது வேறு பக்கம். அங்கேயும் ஒன்று நின்றதோ என்னவோ.

அக்டோபர் 17, வியாழன்

ஜீப்பின் இடது பக்கக் கண்ணாடி பாதையோரப் பலா மரத்தில் உரசி உடைந்துவிட்டது. மரம் பெருத்துவிட்டது என்றார் அப்பா. ஒரு மரம் ஆண்டுக்கு எவ்வளவு பெருக்கும் என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தபோது அப்பா அடிவாரத்தில் அந்தோணி மாமாவின் வண்டிப் பட்டறையில் இருந்தார். முன் விளக்குகள் மங்கலாக எரிகின்றன என்று கொண்டுபோயிருந்தார். அந்தோணி மாமா இரண்டையும் போட்டுக் காட்டினார்.

"ஜம்முனு எரியுதேப்பா வீரணா. எங்கிட்டு மங்கலா இருக்கு?"

"மங்கலாத்தாண்ணே இருக்கு. பல்பு மாத்திருங்க."

"போன மாசம்தான மாத்துனோம்?"

"மாத்துங்கண்ணே."

மாற்றினார்கள். பிறகு அப்பா, முன்கண்ணாடியில் கீறல் அதிகம், அதனால்தான் தெரியவில்லை என்றார். அந்தோணி மாமா நனைத்த புகையிலையால் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தார். அப்படித் தேய்த்தால் மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். கண்ணாடி பளபளவென்று இருந்தது. மலை ஏறும்போது, "இப்பப் பரவால்ல" என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் கேட்கவே இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாள் முழுவதும் மழை. பட்டாசு நமுத்துவிட்டது. அடிவாரத்திலிருந்து வாங்கிவந்த செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முன்பெல்லாம் அவரே படிப்பார். இப்போது நான் வாசித்தால்தான் மனதில் நிற்கிறது என்கிறார். என் உச்சரிப்பு சுத்தமாக இருப்பதாகப் பள்ளியில் தமிழம்மாவும் சொல்லியிருக்கிறார். வாசித்து முடித்ததும் அம்மா அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். பாதையில் தூசி அதிகம், அதற்காகத்தான். மழைக்காலத்திலும் விடுகிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

ரோடு வேலை தொடங்கிவிட்டது. பொக்லைன் வந்து இரண்டாவது வளைவில் இருந்த யானைப்பாறையை உடைத்துத் தள்ளிவிட்டது. அங்கங்கே ஜல்லிக் குவியல், தார் டின், பாலம் கட்டத் தோண்டிய குழி. நேற்று இருந்த வழி இன்று இல்லை.

அப்பா என்னிடம் புதிய பயிற்சி ஒன்று ஆரம்பித்திருக்கிறார். "அங்க என்ன கெடக்கு பாப்பா? இங்கிட்டு எவ்வளவு எடம் விட்டுருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். நான் சொல்ல வேண்டும்.

"கட்டுரை எழுதுற புள்ளைக்குக் கண்ணு கூர்மையா இருக்கணும். பாக்குறத அப்பப்பச் சொல்லிப் பழகு" என்றார்.

எனக்குப் பிடித்திருக்கிறது. "இடது பக்கம் ஜல்லிக் குவியல், பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது" என்று புத்தகத் தமிழில் சொன்னேன். அப்பா, "அவ்வளவு நீட்டாத, சுருக்கமாச் சொல்லு" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

எனக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவும் வண்டி எடுக்கவில்லை. கிளச் நழுவுகிறதாம். பெண்கள் வாழைத்தார்களைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே இறங்கினார்கள். அப்பா நாள் முழுவதும் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் நெற்றியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 11, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. கிளச்சும் சரியாகிவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினப் பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசாக ஒரு கதைப் புத்தகம் கிடைத்தது. திரும்பி வரும்போது ஆவல் தாங்காமல் முன் சீட்டிலேயே அதைப் பிரித்தேன். இரண்டு பக்கம்கூட முடிக்கவில்லை. வண்டி எதன்மேலோ ஏறி இறங்கியது.

செல்லாண்டிப் பெரியம்மாவின் வெள்ளாடு.

"குறுக்க வந்துருச்சு மதினி" என்றார் அப்பா.

"போனாப் போகுது விடு. தீபாவளிக்கே வெட்டச் சொல்லி எம்மகன் கத்துனான். நாந்தான் வளத்தேன்" என்றார் பெரியம்மா. ஆனால் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆடு குறுக்கே வரவில்லை. ரோட்டோர வாழைமரத்தில் கட்டியிருந்தார்கள். கயிறு அதன் கழுத்திலேயே இருந்தது.

நான் இதை எழுதிவிட வேண்டும். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"ரெண்டு வருசமாச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு காஞ்சுருச்சாம். போன பார்வை திரும்பாது, இருக்குறதக் காப்பாத்தத்தான் மருந்துன்னுட்டாங்க. மூங்கில் குழாய் வழியாப் பாக்குற மாதிரி நேரா இருக்கறது மட்டும் தெரியும். ஓரம் தெரியாது. வெளிச்சம் கொறஞ்சா அதுவும் மங்கிரும்."

"அப்ப எதுக்கும்மா ஓட்ட விடுறீங்க? பின்னாடி இத்தன பேரு இருக்காங்க."

"பழைய பாதை இருந்த வரைக்கும் அவருக்குக் கண்ணே வேணாம்டி. இந்த ரோடு வேலைதான் எல்லாத்தையும் மாத்திப் போட்டுருச்சு. மினி பஸ் வந்துட்டா தானா நிறுத்திக்கிருவாரு. அதுவரைக்கும் நீ கூட இரு."

"நான்தான் முன் சீட்டுல உக்காரணும்னு நீங்க சொன்னது இதுக்குத்தானா?"

அம்மா அடுப்பை ஊதினாள். புகை வந்தது.

எல்லோருக்கும் பிரியமான மகள் என்பதால் எனக்கு அந்த இடம் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இப்போது நான் பயிற்சிக்காகச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம். "இடது, குழி." "நேரா." "ஆளு நிக்குது." "லாரி வருது, ஒதுக்குங்க." கண் சிமிட்டவே பயமாக இருக்கிறது. பள்ளியில் கரும்பலகை நீந்துகிறது. பரிசுப் புத்தகத்தைத் திரும்பத் திறக்கவில்லை.

பின்னால் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். செல்லாண்டிப் பெரியம்மாவின் பேத்தி மகிழ் மூன்று வயதுப் பிள்ளை. அடிவாரத்துப் பால்வாடிக்கு வருகிறது. என் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சடையை இழுக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அதற்குக் கோபம்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. வண்டி நன்றாக ஓடுகிறது. அப்பா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பிரேக் ஆயில் ஒழுக்கைத் தடவிப் பார்த்தே சரிசெய்துவிட்டார். ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டதும் அது முனகிக்கொண்டு சேற்றை மிதித்து ஏறும்போது அவர் முகம் மலர்கிறது. அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாதவர் மாதிரி இருக்கிறார்.

நவம்பர் 27, புதன்

புயல் வரப்போகிறது என்று சொல்கிறார்கள். காலையிலிருந்து சாரல், பனிமூட்டம். பாலத்துக்குத் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் என் வாய் குழறிவிட்டது. இடது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்று சொல்லிவிட்டேன். உடனே மாற்றிச் சொன்னேன். ஆனால் சொல்வதற்கும் அவர் திருப்புவதற்கும் நடுவில் சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டி சாய்ந்தது. மூட்டைகள் உருண்டன. கீழே ஓடை தெரிந்தது. அப்பா ஃபோர் வீலில் பின்னால் இழுத்து ஏற்றிவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, எங்களப் பூரா ஓடையில குளிப்பாட்டிட்டுத்தான் விடுவியா?" என்றார் பெரியம்மா.

"புது மண்ணு மதினி, சறுக்குது."

மகிழ் கைதட்டிச் சிரித்தது. இன்னொரு தடவை அப்படிப் போகச் சொன்னது.

பள்ளியில் ஒரு தாளில் இடது, வலது என்று எழுதி எழுதிப் பார்த்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

மழைக்காக விடுமுறை. அப்பா ஜீப்புக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். எப்படிப் பேசுவது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குப் பயமா இருக்குப்பா. நிறுத்திருங்க."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு ஏத்திட்டேன்ல?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"சின்னப் புள்ள, ஒரு தடவ குழறும். போகப் போகப் பழகிரும்."

"பழகக் கூடாதுப்பா. பின்னாடி மகிழ் இருக்கு."

அப்பா துணியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "நான் தோட்டத்துல எறங்குனா மண்வெட்டியக் கால்ல போட்டுக்கிருவேன். வீட்டுக்குள்ளயே வாசப்படி தட்டுது. இங்க உக்காந்தா மட்டுந்தான் பாப்பா எதுவும் தட்ட மாட்டேங்குது. இதவிட்டு எறங்குனா நான் குருடன். புரியுதா?"

புரிந்தது. அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. புரியாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"பஸ் வர்ற வரைக்கும்தான்" என்றார்.

பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புயல் என்று ரோடு வேலை ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

மழை விட்டிருந்தது. பனி விடவில்லை. வண்டி நிறைய ஆட்கள். மூன்று நாட்களாக இறக்க முடியாமல் கிடந்த வாழைத்தார்களையெல்லாம் ஏற்றியிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏறவில்லை.

"ஏறு பாப்பா."

"நான் வரலப்பா."

"காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன ஏறு. நேரமாவுது."

"மகராணிக்குப் பல்லக்குக் கொண்டாந்தாத்தான் ஏறுவாளோ?" என்றார் செல்லாண்டிப் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். "நீ வராட்டிப் போடி, இன்னைக்காச்சும் நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்" என்று மகிழைத் தூக்கிக்கொண்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இல்லாவிட்டால் அப்பா போக மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கியர் போட்டார்.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று பானட்டில் இரண்டு கைகளையும் வைத்தேன். தகரம் சூடாக இருந்தது. நேராக நின்றால் நான் அவருக்குத் தெரிவேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பெரியம்மா, எறங்குங்க. அப்பாவுக்கு ஓரம் தெரியாது. நேரா மட்டுந்தான் தெரியும், அதுவும் மங்கலா. இத்தன நாளும் நான் பாத்துப் பாத்துச் சொல்லித்தான் ஓட்டுனாரு. ஆட்டக் கொன்னதும் அதனாலதான்."

சத்தமாகத்தான் சொன்னேன். எஞ்சின் சத்தத்தை மீறி எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"என்ன வீரணா, புள்ள என்னமோ சொல்லுது?" என்றார் பெரியம்மா. கொழுந்தனாரே என்று சொல்லவில்லை.

"பரீட்ச வருதுல்ல மதினி. ஒளறுது" என்றார் அப்பா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரியம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மகிழை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்பக்கம் போய்த் தன்னுடைய வாழைத்தாரைக் கீழே இழுத்தார். அடுத்தவர் இறங்கினார். பிறகு எல்லோரும். மூட்டைகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழும் சத்தத்தை அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம்வரை வந்தார். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் பக்கத்தில் போனேன். "எட்டப் போ" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

நடந்து போகிறோம். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். பெண்களுக்குத் தலையில் சுமை. முத்தாயி அக்கா என்னிடம், "ஊருக்கே நல்லது செஞ்சுட்ட தாயி, என் கழுத்துதான் முறியுது" என்றார். செல்லாண்டிப் பெரியம்மா, "சும்மா நடடி" என்று அவரை அதட்டினார். என்னிடம் அவரும் பேசவில்லை.

அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், தலை பின்னுகிறாள். அப்பா என்னோடு பேசுவதே இல்லை. செய்தித்தாள் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு. தமிழ்த் தாளில் ‘நான் விரும்பும் ஊர்தி’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். மிதிவண்டியைப் பற்றி எழுதினேன். என்னிடம் மிதிவண்டி இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அப்பா விற்றுவிட்ட ஜீப்பை எடுத்துப்போக மலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக் காட்டுப் பாதையில் கூட்டிப் போவதற்காம். சிவப்புப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னான். ஓட்டை விழுந்த தகரத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, புக்கெல்லாம் கெடக்கு" என்று அட்லஸை எடுத்து வாசலில் போட்டான். அப்பா அவனுக்கு ஏற்றத்தில் எதைப் போட வேண்டும், குளிரில் எப்படிக் கிளப்ப வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவன், "தெரியும்ணே, தெரியும்ணே" என்றான்.

முதல் முறையிலேயே கிளம்பிவிட்டது.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா முற்றத்தின் ஓரத்தில், சரிவு தொடங்கும் இடத்தில் நின்றார். எனக்குப் பயமாக இருந்ததால் நானும் போய் அவருக்கு இடது பக்கம் நின்றேன். வண்டி வளைவில் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது, பிறகு அதுவும் தேய்ந்தது.

"போயிருச்சுப்பா. உள்ள வாங்க" என்றேன்.

"இல்ல. இன்னும் ஓடையத் தாண்டல" என்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. காற்றும் பறவைகளும்தான். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். படி இருக்கும் இடத்தில் என் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. காலால் தடவிப் படியைக் கண்டுபிடித்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார்.